குடற் சோதனையும் நோயாளர் மனமும்

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகள் காட்டைத் தொடும் எல்லையில் அமைந்துள்ளது டயகம. அதற்கப்பால் ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த காடு. பனி விலகுமுன் லயன்களிலிருந்து புறப்படும் தொழிலாளர், பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை பார்த்து வீடு திரும்புகின்றனர். உடம்பே அவர்களுடைய முதல். அந்த உடம்பு ஒரு நாள் படுத்தால் அன்றைய பெயரும் இல்லை, கூலியும் இல்லை. ஆதலின் எழுந்து நடக்க முடிந்தவரை எந்த நோயையும் அவர்கள் நோயென்று எண்ணுவதில்லை. காய்ச்சலென்றால் மருந்தகத்துக்குப் போவோரும், மலத்தோடு இரத்தம் போவதைப் பற்றி எவரிடமும் வாய் திறப்பதில்லை. 'உடம்புச் சூடு' என்றும், 'மூலம்' என்றும் தாமே பெயரிட்டு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்து அமைதியடைகின்றனர்.

பல வேளைகளில் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால், சில வேளைகளில் அது பெருங்குடலில் தோன்றிய புற்றுநோயின் முதற் குரலாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய உள்ளே பார்த்தலன்றி வேறு வழியில்லை. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடலிலும் மலக்குடலிலும் புதிதாகப் புற்றுநோய் காணப்பட்டது. அவ்வாண்டில் அந்நோயால் மாண்டோர் 9 இலட்சம் பேர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கமுள்ள மலைநாட்டில் வாய்ப் புற்றுநோயைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. வாயில் எழும் வெள்ளைப் படலத்தையும் ஆறாத புண்ணையும் கண்ணாடியிற் காணலாம். பிறரும் கண்டு சொல்லலாம். குடலின் உள்ளே எழுவதை யார் காண்பார்? மறைவான இடத்து நோய் என்பதாலும், அதைப் பற்றிப் பேசுவது நாணத்துக்குரியது என்பதாலும், இந்நோய்க்கு இரட்டைத் திரை அமைந்துவிடுகிறது.

எனினும், இந்நோயிடத்தில் மனிதருக்குச் சாதகமான ஓர் இயல்பு உண்டு. அது பெரும்பாலும் திடீரென்று தோன்றுவதில்லை. பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள குழாய். அதன் உட்புறத் தோலில் முதலிற் சிறு தசை முளை ஒன்று அரும்புகின்றது. மருத்துவர் அதனைப் 'பொலிப்' என்பர். எல்லா முளைகளும் தீயன அல்ல. ஆயினும் அவற்றுட் சில, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பருத்து, பெரும்பாலும் பத்தாண்டளவிற் புற்றாக மாறுகின்றன. அந்தப் பத்தாண்டுக் காலத்துள் ஒருமுறை உள்ளே நோக்கி, முளையைக் கிள்ளி எடுத்துவிட்டால், வரவிருந்த நோய் வராமலே போகின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது இதற்கு மிகப் பொருந்தும். அமெரிக்காவில் இத்தகைய முளைகள் அகற்றப்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1993இல் வெளிவந்தது. அகற்றாதிருந்தால் எதிர்பார்க்கக்கூடிய அளவோடு ஒப்பிட, அவர்களிடையே புற்றுநோய் நான்கில் மூன்று பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தமையை அது காட்டிற்று.

உள்ளே நோக்கும் இந்தக் கருவி ஒரே நாளில் உருவானதன்று. 1806ஆம் ஆண்டளவில் ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் பொட்சினி என்னும் மருத்துவர், மெழுகுவர்த்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி உடலின் உட்குழிகளைக் காண முயன்றார். குழாய் நேராக இருக்கும் இடத்துக்கே அந்த ஒளி சென்றது. வளைந்து வளைந்து செல்லும் குடலுள் ஒளியைச் செலுத்த வேண்டுமாயின், ஒளியும் வளைய வேண்டும். 1954ஆம் ஆண்டில், பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கப்பானியும் அவருடைய ஆசிரியர் ஹரல்ட் ஹொப்கின்ஸும், மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கற்றையாகக் கட்டி, வளைந்த வழியிலும் படத்தைக் கொண்டு செல்லலாம் என்று இலண்டனில் நிறுவினர். 1957இல் அமெரிக்காவில் பசில் ஹேர்ஷோவிட்ஸ் அம்முறையில் இரைப்பையை நோக்கும் வளையும் கருவியை அமைத்தார். 1969இல் நியூயோர்க் நகரில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும், பெருங்குடலுட் செலுத்திய கருவி வழியாகவே கம்பிக் கண்ணியை வீசி முளையை அறுத்தெடுத்தனர். வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவை அத்தோடு ஒழிந்தது. இன்று கருவியின் நுனியில் நுண்ணிய கமெரா இருக்கின்றது. படம் திரையில் விழுகின்றது. கருவி ஒரு விரலளவு பருமனுடையது. கொலனோஸ்கோப்பி என்று மருத்துவர் கூறுவதும், 'கமெரா விட்டுப் பார்ப்பது' என்று மக்கள் கூறுவதும் இதனையே.

கருவி வந்துவிட்டது, அதைக் கையாளும் கலையும் வந்துவிட்டது. எஞ்சி நிற்பது ஒரே கேள்வி: நோயில்லாதவர், அல்லது நோயில்லை என்று எண்ணுபவர், இச்சோதனைக்கு ஏன் வர வேண்டும்? நோயுற்றவன் வலியால் உந்தப்பட்டு வைத்தியசாலைக்கு ஓடுகின்றான். முன்கூட்டிய சோதனைக்கோ ஒருவர் தம் மனம் ஒப்பியே வர வேண்டும். போலந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் 55 முதல் 64 வயதுவரையுள்ள ஏறத்தாழ 85,000 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. அவர்களுள் 28,220 பேர் கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டனர். வந்தவர் 100க்கு 42 பேரே. பத்தாண்டின் முடிவில், அழைக்கப்படாதோரிடையே ஆயிரத்துக்கு 12 பேருக்கு இந்நோய் கண்டது. அழைக்கப்பட்டோரிடையே அது ஏறத்தாழ 10ஆகக் குறைந்தது. இறப்பின் அளவில் தெளிவான வேறுபாடு அக்காலத்துள் தோன்றவில்லை. பயன் எதிர்பார்த்த அளவுக்கு உயராமைக்கு, அழைக்கப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் வராமையும் ஒரு காரணம். வளமான நாடுகளில், நல்ல பாதையும் நல்ல வைத்தியசாலையும் உள்ள இடங்களிலேயே நிலைமை இதுவாயின், டயகமவின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே நோயாளரின் அனுபவம் என்பது மருத்துவத்தின் ஓர் அலங்காரம் அன்று. வந்தவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதே வராதவர் நாளை வருவாரா என்பதைத் தீர்மானிக்கின்றது. லயனில் ஒருவர் பட்ட துன்பம் அன்று மாலையே பீலிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் நலமாகத் திரும்பி வந்த செய்தியும் அவ்வாறே பரவும்.

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு இது புதிய பாடமன்று. 1916ஆம் ஆண்டு முதல், அமெரிக்க றொக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு, இலங்கைத் தோட்டங்களிற் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் நடைபெற்றது. தொழிலாளரின் மலத்தை வாங்கி நுண்ணோக்கியிற் பார்த்து, புழு கண்டவர்களுக்குக் கடுமையான மருந்தெண்ணெயும் பேதியுப்பும் கொடுத்தனர். மருந்து உடம்பை வாட்டியது. மருந்து உண்டவர் மீண்டும் வெறுங்காலோடு, மலசலகூடம் இல்லாத லயனைச் சுற்றியுள்ள அதே மண்ணில் நடந்தபோது, புழு மீண்டும் உடம்பில் ஏறியது. மருந்து மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்பதே அந்த இயக்கம் கற்பித்த பெரும் பாடம். ஒரு நூற்றாண்டு கடந்து, வேறொரு குடற் சோதனையின் வாசலில் நிற்கும்போதும் அதே பாடம் வேறு வடிவில் எதிரே வருகின்றது. கருவி மட்டும் போதாது; அக்கருவியை நாடி வரும் மனிதர் எந்த வீட்டிலிருந்து, எந்த வழியாக வருகின்றார் என்பதையும் எண்ண வேண்டும்.

இச்சோதனைக்கு உட்பட்டோரைப் பல நாடுகளில் வினவியபோது, அவர்களுட் பலர் கூறிய விடை ஒன்றே: சோதனையைவிட அதற்கு முந்திய ஆயத்தமே கடினம். குடல் தூய்மையாக இல்லாவிடில் முளை கண்ணுக்குப் புலப்படாது. அதனால் முதல் ஓரிரு நாளுக்கு நார் மிகுந்த உணவைத் தவிர்க்க வேண்டும். கீரை, பயறு, விதையுள்ள பழம், தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி ஆகியன ஆகா. வெள்ளைச் சோறும் தெளிந்த இரசமும் அப்போதைக்கு ஏற்றவை. முதல் நாள் தெளிந்த நீர் வகைகளை மட்டுமே அருந்தும்படி பல வைத்தியசாலைகளிற் கூறுவர். அப்பொழுதும் பால் சேராத வெறுந்தேநீருக்குத் தடையில்லை. தம் கையாற் பறித்த கொழுந்தின் சாயமே அந்த நாளில் அவர்களுக்குத் துணையாகின்றது. பின்னர்ப் பேதி மருந்தை 2 முதல் 4 லீற்றர் வரை நீரிற் கரைத்துக் குடிக்க வேண்டும். அதனை ஒரே மூச்சிற் குடிக்காமல், பாதியை முதல் நாள் மாலையிலும் பாதியைச் சோதனை நாளின் அதிகாலையிலும் குடித்தால், குடலும் நன்கு தூய்மையாகும், குமட்டலும் குறையும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

நகரத்திற் குளியலறையோடு கூடிய வீட்டில் வாழ்பவருக்கு இது ஓர் இரவுத் தொல்லை. லயன் அறையில் வாழும் 55 வயதுப் பெண் ஒருவருக்கு இது என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம். மலசலகூடம் வீட்டுக்கு வெளியே இருக்கும். சில இடங்களிற் பல குடும்பங்களுக்குப் பொதுவாகவும் இருக்கும். இரவிற் பத்து முறைக்கு மேலும் எழுந்து, மலைக்குளிரில், மழை பெய்தால் வழுக்கும் படியில், கையில் விளக்கோடு அவர் நடக்க வேண்டும். அயலார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். கால் இடறி விழுவோமோ என்ற அச்சம் மறுபுறம். விடிந்ததும், வயிறு இன்னும் அடங்காத நிலையில், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையிற் பஸ் வண்டியில் நெடுந்தூரம் செல்ல வேண்டும். இந்த இரவை எண்ணியே பலர் வாராது விடுவர் என்றால் அதில் வியப்பில்லை. 'மருந்தைக் குடித்து நாளை காலை வாருங்கள்' என்னும் ஒரு வரிக் கட்டளைக்குள் இத்தனை துன்பமும் அடங்கியிருக்கின்றது.

இதற்குரிய மாற்று அரிதன்று. தொலைவிலிருந்து வருவோரை முதல் நாளே வைத்தியசாலையிற் சேர்த்து, அங்கேயே ஆயத்தம் செய்விக்கலாம். இயலாதவிடத்து, சோதனை நேரத்தைப் பிற்பகலுக்கு ஒதுக்கினால் இரவுத் தொல்லை குறையும். முதியோர், நீரிழிவுக்கு மருந்து எடுப்போர், குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போர், சிறுநீரக நோயுள்ளோர் ஆகியோர் ஆயத்தம் தொடங்குமுன்னரே மருத்துவரிடம் அதைக் கூறல் வேண்டும். பேதியால் உடலின் நீரும் உப்பும் குறைவதால், அவர்களுக்கு மருந்தின் வகையும் அளவும் மாற்றப்படும். சோகைக்கு இரும்பு மாத்திரை உண்போர் அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஏனெனில், இரும்பு குடலிற் கருமை படியச் செய்யும். கொழுந்து பறிக்கும் பெண்களிற் பலர் சோகையால் வருந்துவோர் ஆதலின், இவ்வறிவுரையை அவர்களுக்குத் தவறாது கூறுதல் வேண்டும்.

அடுத்தது மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இலங்கையின் அரச கரும மொழியாகும். எனினும், சட்டப் புத்தகத்தில் உள்ள மொழி எல்லா வைத்தியசாலைச் சாளரத்திலும் ஒலிப்பதில்லை. ஆயத்தம் பற்றிய தாள் புரியாத மொழியில் இருந்தால் ஆயத்தம் பிழைக்கும். ஆயத்தம் பிழைத்தால் சோதனை நடவாது. நோயாளர் வேறொரு நாள் மீண்டும் பேதி குடித்து மீண்டும் வர வேண்டும். அப்படி இரண்டாம் முறை வருவோர் எத்தனை பேர்? ஒப்பந்தப் பத்திரத்திற் கையொப்பம் இடுமுன், என்ன செய்யப் போகின்றார்கள், ஏன் செய்கின்றார்கள், என்ன ஆபத்து உண்டு, வேறு வழி என்ன என்பவற்றைத் தம் மொழியிற் கேட்டறிய ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. புரியாமல் இட்ட கையொப்பம் ஒப்புதல் ஆகாது.

நாணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. சோதனையின்போது நோயாளர் இடப்புறம் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். அறையிற் புதியவர்கள் நிற்பார்கள். பெண்களுட் பலர் பெண் மருத்துவரையே விரும்புகின்றனர் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் கண்டுள்ளன. பெண் மருத்துவர் இல்லாதவிடத்தும் பெண் தாதி ஒருவர் தலைமாட்டில் நிற்கலாம். பின்புறம் மட்டும் திறப்புள்ள ஆடையும், மேலே போர்த்த ஒரு துணியும், மூடிய கதவும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. 'அம்மா, இப்போது கொஞ்சம் வயிறு உப்பும். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தாலே பாதி அச்சம் நீங்கும்.

வலி எங்கிருந்து வருகின்றது? குடலின் உட்தோலை வெட்டினால் வலி தெரிவதில்லை. ஆதலால் முளையைக் கிள்ளும்போது நோயாளருக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால், குடல் இழுபட்டாலும் உப்பினாலும் வலிக்கும். கருவி வளைவுகளிற் செல்லும்போது குடல் கண்ணியாக மடங்கி இழுபடுகின்றது; வழி தெரியும்படி உட்செலுத்தும் காற்று அதனை உப்பச் செய்கின்றது. தேர்ந்த மருத்துவர் மடிப்பை நேராக்கியும், நோயாளரைப் புரண்டு படுக்கச் செய்தும், வயிற்றை மெல்ல அழுத்தச் செய்தும் இதைக் குறைப்பார். சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயுவைச் செலுத்தினால் அது குடலினின்று விரைவில் உறிஞ்சப்பட்டு மூச்சு வழியாக வெளியேறிவிடும். பின்வரும் வயிற்று வலி குறையும். அமைதி தரும் ஊசியும் வலியடக்கும் ஊசியும் தேவைக்கேற்பப் போடப்படுகின்றன. பெரும்பாலும் எல்லாம் முடிய அரை மணி நேரம் அளவே செல்லும்.

வலியைப் பற்றி விந்தையான உண்மை ஒன்று கனடாவிற் கண்டறியப்பட்டது. டொனல்ட் றெடெல்மையர் என்னும் மருத்துவரும் டானியல் கானமன் என்னும் உளவியலறிஞரும், கொலனோஸ்கோப்பிக்கு உட்பட்ட 154 பேரிடம் சோதனை நடக்கும்போதே நிமிடந்தோறும் வலியின் அளவைக் கேட்டுக் குறித்தனர். பின்னர், முழுச் சோதனையும் எவ்வளவு துன்பமாக இருந்தது என்று நினைவிலிருந்து கூறச் செய்தனர். 1996இல் வெளியான அவ்வாய்வின்படி, சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவில் ஏறத்தாழப் பதியவே இல்லை. மிகக் கடுமையாக வலித்த கணமும், இறுதிக் கணங்களுமே நினைவில் நின்றன. 2003இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் 682 பேர் பங்கு கொண்டனர். அவர்களுட் பாதிப்பேருக்கு, சோதனை முடிந்த பின்னும் கருவியின் நுனி சிறிது நேரம் அசையாமல் உள்ளேயே விடப்பட்டது. அதனால் சோதனை சற்று நீண்டது. ஆனால் முடிவு வலியின்றி அமைந்தது. அவர்களே சோதனையைக் குறைந்த துன்பமுடையதாக நினைவுகூர்ந்தனர். பின்னாளில் மீண்டும் சோதனைக்கு வந்தோரும் அவர்களிடையே சற்று மிகுதி.

இதன் பொருள் ஆழமானது. நோயாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வலியை அன்று, வலியின் நினைவை. அந்த நினைவே பின்னர் அவரையும் அவருடைய அயலாரையும் வழிநடத்துகின்றது. அவசர அவசரமாகக் கருவியை உருவி, 'எழுந்து போங்கள்' என்று முடிக்கும் சோதனை, விரைவில் முடிந்தாலும் கசப்பாகவே நினைவில் நிற்கும். இறுதியில் மெதுவாகவும் அன்பாகவும் நடத்தப்பட்ட சோதனை, சிறிது வலித்திருந்தாலும் தாங்கத்தக்கதாக நினைவில் அமையும். அவசரத்துக்கு எதிரான வேறொரு சான்றும் உண்டு. கருவியை வெளியே எடுக்கும்போதே குடலின் சுவர் நுணுகி ஆராயப்படுகின்றது. அதற்கு 6 நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்ட மருத்துவர்களே மிகுதியான முளைகளைக் கண்டனர் என்று 2006இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. ஆகவே பொறுமை நோயாளருக்கு இதம் தருவதோடு நோயையும் காட்டிக் கொடுக்கின்றது.

ஆபத்தே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. முன்கூட்டிய சோதனையாகச் செய்யப்படும் கொலனோஸ்கோப்பியில், 10,000 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குக் குடலில் துளை விழலாம். ஏறத்தாழ 15 பேருக்குக் கடும் இரத்தப் போக்கு ஏற்படலாம். சோதனைக்குப் பின் கடும் வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத இரத்தப் போக்கு ஆகியவை கண்டால் உடனே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். டயகம போன்ற தொலைவான இடத்திலிருந்து வருபவருக்கு, அத்தகைய வேளையில் எங்கே செல்வது, யாரிடம் கூறுவது, இரவில் வண்டிக்கு என்ன செய்வது என்பதை வீட்டுக்கு அனுப்பு முன்னரே தெளிவாக்குதல் இன்றியமையாதது.

முடிவை அறிவிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். அமைதி தரும் ஊசிக்கு மறதியை உண்டாக்கும் இயல்பு உண்டு. கண் விழித்துத் தலையசைத்துக் கேட்ட நோயாளர், வீடு சென்றதும் ஒன்றையும் நினைவுகூர மாட்டார். 'முளையை எடுத்துவிட்டோம், மூன்றாண்டில் மீண்டும் வாருங்கள்' என்ற சொல் காற்றோடு போய்விடும். ஆதலின் முடிவை உடன் வந்தவர் முன்னிலையிற் கூறி, தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும். ஊசி போட்ட நாளில் நோயாளர் தனியே பயணம் செய்யலாகாது. துணை ஒருவர் அவசியம். அப்படியாயின் ஒரு சோதனைக்கு இருவரின் நாட்கூலி போகின்றது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம் என்பது நாட்டின் பெருமை. ஆனால், நாட்கூலியால் வாழ்வோருக்கு இலவச மருத்துவத்துக்கும் ஒரு விலை இருக்கின்றது. அது பெரட்டுக் களத்தில் விடுபட்ட பெயராகவும், பஸ் கட்டணமாகவும், வீட்டில் விட்டு வந்த பேரப்பிள்ளையாகவும் அவர்களுக்குத் தெரியும்.

இனி, நோயாளர் மனநிறைவு அடைந்தாரா என்பதை எவ்வாறு அறிவது? இங்கிலாந்தில் 2004 முதல், இத்தகைய சோதனை நடக்கும் கூடங்களின் தரத்தை மதிப்பிடும்போது, மருத்துவத் திறனோடு நோயாளரின் அனுபவத்தையும் ஓர் அங்கமாகக் கணக்கிட்டு வருகின்றனர். நோர்வேயில் நோயாளர் வீடு திரும்பிய பின், தம் அனுபவத்தைத் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பும் முறை ஏற்பட்டது. வீட்டிலிருந்து எழுதச் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர் எதிரே நிற்கும்போது 'வலித்தது' என்று கூற எவருக்கும் தயக்கமே. பெரியவர் முன் குரல் உயர்த்தாமல் வாழப் பழகிய தோட்டத்து மக்களிடம் 'எல்லாம் திருப்திதானா?' என்று கேட்டால், 'நல்லதுங்க ஐயா' என்பதைத் தவிர வேறு விடை வராது. அவ்விடையை மனநிறைவு என்று பதிந்துகொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். மாறாக, எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மலசலகூடம் திறந்திருந்ததா, எப்போது மிகவும் வலித்தது, வலித்தபோது சொன்னீர்களா, சொன்னதும் நிறுத்தினார்களா, மருத்துவர் கூறியது என்ன என்று தனித்தனியே, தமிழிலே, சில நாள் கழித்துக் கேட்டால் உண்மை வெளிப்படும். தோட்ட மருந்தகத்தைச் சேர்ந்தோரும், வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தரும் இதைக் கேட்பதற்கு ஏற்றவர்கள்.

எல்லோரும் முதலிலேயே கமெராச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. மலத்திற் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் இருந்தாலும் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்குப் பேதி வேண்டாம், பட்டினி வேண்டாம், பயணமும் வேண்டாம். வீட்டிலேயே சிறு குச்சியில் எடுத்துக் குப்பியில் இட்டு அனுப்பினாற் போதும். ஸ்பெயின் நாட்டில் 50 முதல் 69 வயதுவரையுள்ள 57,000 பேருக்கு மேற்பட்டோரிடையே இரு முறைகளையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியாயிற்று. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டோரில் 100க்கு ஏறத்தாழ 32 பேர் சோதனைக்கு உட்பட்டனர். மலச் சோதனைக்கு அழைக்கப்பட்டோரில் ஏறத்தாழ 40 பேர் உட்பட்டனர். பத்தாண்டில் இந்நோயால் நேர்ந்த இறப்பைத் தடுப்பதில் எளிய சோதனை மற்றையதற்குப் பின்தங்கவில்லை. தொலைவும் வறுமையும் தடையாக நிற்கும் மலைநாட்டுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால், எளிய சோதனையில் இரத்தம் தெரிந்தவர் கட்டாயம் கமெராச் சோதனைக்குச் செல்ல வேண்டும்; செல்லாவிடில் முதற் சோதனையால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அந்த இரண்டாம் வாசல் அச்சமூட்டாததாக இருத்தல் வேண்டும் என்ற பேச்சு மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வருகின்றது.

யார் தாமதியாது மருத்துவரைக் காண வேண்டும்? மலத்தோடு இரத்தம் போவோர், பல வாரமாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியோர், காரணமின்றி உடல் மெலிவோர், இரும்பு மாத்திரை உண்டும் சோகை நீங்காதோர் ஆகியோர் வயதைப் பாராமல் மருத்துவரிடம் கூறல் வேண்டும். அவர்கள் விடயத்தில் எளிய மலச் சோதனையோடு நின்றுவிடலாமா, கமெரா வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். தாய், தந்தை, உடன்பிறந்தோருள் எவருக்கேனும் இந்நோய் வந்திருந்தால், நோயில்லை என்று தோன்றினும் 40 வயதளவிலேயே ஆலோசனை பெறுதல் நலம். மூலம் என்று தாமே தீர்ப்பளித்துக்கொள்வது வேண்டா.

டயகமவிலிருந்து அதிகாலை வண்டியில் ஏறும் அந்தப் பெண், மாலையில் எந்த நினைவோடு திரும்புகின்றார் என்பதில் ஒரு லயனின் நலம் அடங்கியிருக்கின்றது. 'வெட்கப்படும்படி நடத்தினார்கள், உயிர் போகும்படி வலித்தது, சொன்னது ஒன்றும் புரியவில்லை' என்று அவர் கூறினால், அடுத்த அறையில் இரத்தப் போக்கை மறைத்து வைத்திருக்கும் தமக்கையோ மாமனோ அதனை இன்னும் ஆழமாக மறைத்துவிடுவர். 'இரவு கொஞ்சம் சிரமம்; மற்றதெல்லாம் பரவாயில்லை; நல்லபடியாகப் பேசினார்கள்; சின்ன முளை ஒன்றை எடுத்துவிட்டார்கள்' என்று அவர் கூறினால், அடுத்த வாரம் அதே வண்டியில் இன்னொருவர் ஏறுவார். அவரை ஏற்றி அனுப்புவது அறிவிப்புத் தாளோ அழைப்புக் கடிதமோ அன்று. தமக்கு முன் போய் வந்தவரின் வாய்ச்சொல்லே.